பால் புவாரே: கார்செட்டைக் கழற்றியவர், சென்ட் புட்டியில் மகள் பெயரை எழுதியவர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தையல் வகுப்பில் நூறு வருஷத்துக்கு முந்தைய பாரிஸ் உடைகளின் படங்களைக் காட்டுவது என் வழக்கம். ஷனெல் என்றால் எல்லோருக்கும் தெரிகிறது. தியோர் என்றால் கைப்பை ஞாபகம் வருகிறது. புவாரே என்றதும் வகுப்பு அமைதியாகிவிடும். படங்களைப் பார்த்த பிறகு கேள்விகள் வரிசையாக வரும். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

யார் இந்த பால் புவாரே?

1879 ஏப்ரல் 20 அன்று பாரிஸில் பிறந்த உடை வடிவமைப்பாளர். அப்பா துணி வியாபாரி, வீடு லே ஆல் சந்தைப் பகுதியில். 1903-ல் சொந்தக் கடை திறந்தார். அடுத்த பத்து வருஷத்துக்குள் ஐரோப்பாவும் அமெரிக்காவும் அவர் என்ன தைக்கிறார் என்று எட்டிப் பார்க்கும் நிலைக்கு வந்தார். 1911-ல் வாசனைத் திரவியம் விற்கத் தொடங்கினார். உயர்தர உடை வடிவமைப்பாளர்களில் சென்ட் தொழிலை முறையாக நடத்திய முதல் ஆள் அவர்தான். 1929-ல் கடை மூடப்பட்டது. 1944 ஏப்ரலில், கையில் காசில்லாமல், அதே பாரிஸில் இறந்தார். அமெரிக்கப் பத்திரிகைகள் ஒரு காலத்தில் அவரை ‘ஃபேஷனின் ராஜா’ என்றே எழுதின.

தையலை எங்கே கற்றுக்கொண்டார்?

முதலில் குடைக் கடையில்! பையன் உருப்பட வேண்டும் என்று அப்பா ஒரு குடை தயாரிப்பாளரிடம் வேலைக்கு விட்டார். குடைக்கு வெட்டியதில் மிஞ்சிய பட்டுத் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, அக்கா தங்கைகள் வாங்கிக் கொடுத்த மரப்பொம்மைக்கு விதவிதமாகச் சுற்றிப் பார்ப்பாராம். வெட்டித் தைப்பதற்கு முன்னால் துணியை உடம்பில் சுற்றிப் பார்க்கும் பழக்கம் அங்கேதான் வந்தது. கடைசிவரை அவர் வேலை செய்த முறையும் அதுதான்.

பிறகு உடைப் படங்களை வரைந்து கடை கடையாக விற்றார். மதாம் ஷெருயி என்ற பெயர்பெற்ற வடிவமைப்பாளர் ஒரேயடியாகப் பன்னிரண்டு படங்களை வாங்கிக்கொண்டார். 1898-ல் ஜாக் தூசே என்ற வடிவமைப்பாளர் தன் நிறுவனத்தில் வேலை கொடுத்தார். அங்கே புவாரே போட்ட ஒரு சிவப்புக் கம்பளி மேலங்கிக்கு 400 ஆர்டர் வந்தது. புதிதாகச் சேர்ந்த பையனுக்கு அது சாதாரண விஷயம் இல்லை.

அவருடைய சகோதரிகளும் சும்மா இல்லை. நிக்கோல் க்ரூலும் ஜெர்மேன் பொங்கார்டும் உடை வடிவமைப்பாளர்கள். ழான் புவாவன் நகை வணிகத்தில் பெரிய பெயர். குடும்பமே அழகுத் தொழில்தான்.

வொர்த் நிறுவனத்தில் வறுத்த உருளைக்கிழங்குக் கதை ஒன்று உண்டாமே?

உண்டு. புவாரே தன் சுயசரிதையில் சொல்வது இது. 1901-ல் அவர் வொர்த் நிறுவனத்துக்குப் போனார். ஐரோப்பிய ராணிகளுக்குத் தைத்த வீடு அது. நிறுவனர் இறந்துவிட்டார், மகன்கள் நடத்துகிறார்கள். அவர்களில் ஒருவரான காஸ்தோன் வொர்த் இவரிடம் சொன்னது ஏறக்குறைய இப்படி: நாம் விலையுயர்ந்த பெரிய சாப்பாட்டுக்கடை மாதிரி, இங்கே ட்ரஃபிள் காளான்தான் கிடைக்கும், ஆனால் இப்போது இளவரசிகளும் பேருந்தில் போகிறார்கள், தெருவில் நடக்கிறார்கள், அதனால் வறுத்த உருளைக்கிழங்கு விற்கவும் ஒரு பகுதி வேண்டும், அதை நீ பார்த்துக்கொள்.

இவர் பார்த்துக்கொண்டார். எளிமையாக, நேர்வெட்டாக, ஜப்பானியக் கிமோனோ சாயலில் ஒரு மேலங்கி செய்தார். ரஷ்ய இளவரசி பாரியாட்டின்ஸ்கி அதைப் பார்த்துப் பதறிப்போனார். எங்கள் நாட்டில் வெட்டிய தலையைப் போடுகிற சாக்கு மாதிரி இருக்கிறதே என்று கேட்டாராம். அந்தச் ‘சாக்கு’தான் பின்னாளில் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வடிவம்.

அவர்தான் கார்செட்டை ஒழித்தாரா?

அடிக்கடி வரும் கேள்வி இது. ‘அவர் மட்டும் இல்லை’ என்பது என் பதில்.

1900 வாக்கில் ஒரு பாரிஸ் சீமாட்டி உடுத்தும் விதத்தை நினைத்துப் பாருங்கள். திமிங்கில எலும்போ எஃகுப் பட்டையோ வைத்துத் தைத்த, இடுப்பை இறுக்கும் உள்ளாடைதான் கார்செட். முன்பக்கம் நெட்டுக்குத்தாக ஒரு பட்டை, பின்னால் கயிறு. இறுக்கி இழுத்தால் மார்பு முன்னால் தள்ளும், இடுப்பு பின்னால் போகும். பக்கவாட்டில் பார்த்தால் ஆங்கில ‘எஸ்’ எழுத்து மாதிரி வளைந்து நிற்பார்கள். உடையின் மொத்தப் பாரமும் அந்த இறுகிய இடுப்பில்தான் தொங்கும்.

புவாரே அந்தப் பாரத்தைத் தோளுக்கு மாற்றினார். அதுதான் முக்கியமான காரியம். உடை தோளிலிருந்து தொங்கினால் இடுப்பை இறுக்க வேண்டிய தேவையே இல்லை. 1906 வாக்கில் மார்புக்குக் கீழே உயர்த்திக் கட்டிய, நேராக விழும் கவுன்களைப் போட்டார். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்தைய காலத்து உடையின் சாயல் அதில் இருக்கும். கார்செட்டுக்குப் பதிலாக உள்ளே மார்க்கச்சும் மெல்லிய இடைப்பட்டையும் போதும் என்றார்.

அதே காலத்தில் மட்லேன் வியோனே என்ற பெண் வடிவமைப்பாளரும் தூசே நிறுவனத்தில் கார்செட் இல்லாத உடைகளைக் காட்டினார். மருத்துவர்களும், உடைச் சீர்திருத்தம் பேசிய பெண்களும் அதற்கு முன்பிருந்தே கார்செட்டைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நடனக் கலைஞர் இசடோரா டங்கன் மேடையில் தளர்ந்த துணியோடு வெறுங்காலில் ஆடிக்கொண்டிருந்தார். காற்று அந்தப் பக்கம்தான் வீசியது. புவாரே அதற்குப் பாய் விரித்தார், அதை எல்லோரும் பார்க்கும்படி விரித்தார். சத்தம் போட்டுச் செய்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அப்படியானால் பெண்களுக்கு விடுதலை கொடுத்தவர் என்று சொல்லலாமா?

அவசரப்படாதீர்கள். 1910-ல் அவரே கணுக்காலிடம் குறுகும் ‘ஹாபிள்’ பாவாடையைக் கொண்டுவந்தார். முழங்காலுக்குக் கீழே இவ்வளவு ஒடுக்கமாக இருந்தால் எட்டு வைத்து நடக்க முடியாது, தத்தித் தத்தித்தான் போக முடியும். படியேற முடியாமல் பெண்கள் தடுமாறினார்கள். நியூயார்க்கில் படியில்லாமல் தாழ்வாகக் கட்டிய டிராம் வண்டி வந்தபோது, அந்தப் பாவாடையின் பெயரையே வண்டிக்கு வைத்துக் கூப்பிட்டார்கள்! மார்பை விடுவித்தேன், கால்களைப் பூட்டினேன் என்று அவரே பெருமையாக எழுதியிருக்கிறார். அதில் வெட்கமே இல்லை.

என் கணிப்பு: அவருக்குப் பெண்களின் சௌகரியம் முக்கியமில்லை, கோடுதான் முக்கியம். கார்செட் அவர் விரும்பிய கோட்டைக் கெடுத்தது, அதனால் போயிற்று. ஒடுங்கிய பாவாடை அந்தக் கோட்டைக் கொடுத்தது, அதனால் வந்தது.

அவர் தைத்த உடையில் அப்படி என்ன தனித்தன்மை?

நேர்க்கோடு. அன்றைய மேற்கத்தியத் தையல் என்பது உடம்பின் வளைவுக்கு ஏற்றபடி துணியைப் பல துண்டாக வெட்டி, மடிப்பு பிடித்து, ஒட்டி, உடம்பு மாதிரியே ஒரு கூடு செய்வது. இவர் செவ்வகமாகவே துணியை எடுத்து, முடிந்தவரை வெட்டாமல், உடம்பின்மேல் விழவிட்டார். கிமோனோ, வட ஆப்பிரிக்க அங்கி, பழைய கிரேக்க உடை எல்லாம் அப்படித்தான்.

ஓர் உதாரணம் போதும். 1919-ல் அவர் செய்த ‘பாரிஸ்’ என்ற மேலங்கி. பட்டு வெல்வெட், ஒரே நீளத் துணி. வெட்டவே இல்லை. துணியை முறுக்கி மடித்து மிகக் குறைந்த தையலில் நிறுத்தியிருக்கிறார். போட்டால் கூட்டுப்புழு மாதிரி தோளிலிருந்து உருண்டு இறங்கும். தையல்காரர் கண்ணோடு பார்த்தால்தான் இதன் துணிச்சல் தெரியும். வெல்வெட்டில் கத்தரி வைக்காமல் கைக்கு இடமும் கழுத்தில் துணி விழும் அழகும் கொண்டுவருவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

சேலை கட்டுகிற நமக்கு இது ஒன்றும் அதிசயமாகத் தெரியாது. வகுப்பில் ஒரு பெண் எழுந்து, “இதுக்குப் போயா இவ்வளவு கொண்டாட்டம்?” என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் வெட்டுவதையே கலை என்று நினைத்த ஊரில், வெட்டாமல் விடுவதற்குத்தான் தைரியம் வேண்டும்.

மனைவிக்கு இதில் பங்கு உண்டா?

நிறைய. 1905-ல் டெனீஸ் புலே என்ற பெண்ணை மணந்தார். மெலிந்த தேகம், பாரிஸ் பகட்டுக்குள் வளராதவர். அன்றைக்கு அழகு என்று நினைத்த கொழுத்த வளைவுகள் அவரிடம் இல்லை. புவாரேயின் நேர்க்கோட்டு உடைகள் முதலில் அவர் உடம்பில்தான் விழுந்தன. என் எல்லாப் படைப்புக்கும் தூண்டுதல் என் மனைவிதான் என்று 1913-ல் அவரே அமெரிக்கப் பத்திரிகைக்குச் சொன்னார். 1928-ல் விவாகரத்து ஆனது.

டெனீஸ் தன் உடைகளைத் தூக்கிப் போடவில்லை. பெட்டியில் பத்திரமாக இருந்த அந்த உடைகள் 2005-ல் பாரிஸில் ஏலத்துக்கு வந்தன. நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் அவற்றில் பலவற்றை வாங்கி, 2007-ல் பெரிய கண்காட்சி வைத்தது. புவாரே மறுபடி பேசப்பட்டதே அதற்குப் பிறகுதான். கணவர் தொலைத்த பெயரை, மனைவியின் அலமாரி மீட்டுக் கொடுத்தது.

தலைப்பாகை விஷயத்தில் இந்தியத் தொடர்பு இருக்கிறதா?

இருக்கிறது. லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போனபோது அங்கே வைத்திருந்த இந்தியத் தலைப்பாகைகளைப் பார்த்து மயங்கிவிட்டார். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கட்டு, ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நியாயம். பாரிஸிலிருந்து தன் தையல் தலைமைப் பெண்ணை வரவழைத்து, அருங்காட்சியகத்திலேயே உட்கார்ந்து மடிப்பு மடிப்பாகப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் செய்தார். கொஞ்ச நாளில் பாரிஸ் சீமாட்டிகள் தலையில் முண்டாசு ஏறிவிட்டது.

ஆனால் இதை ரொம்பக் கொண்டாட வேண்டாம். பாரசீகம், அரபு, சீனா, இந்தியா எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டு ‘கீழை நாடு’ என்று ஒரு குழம்பு வைத்தார். அந்தத் தலைப்பாகையைக் கட்டுகிற மனிதர்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள முயன்றதாகவும் தெரியவில்லை. அவர் காலத்துப் பாரிஸ் முழுக்க அப்படித்தான் இருந்தது. ரஷ்ய பாலே குழு 1910-ல் ஆடிய ‘ஷெஹெரஸாத்’ ஊரையே அந்த மயக்கத்தில் தள்ளியிருந்தது. அந்த பாலேயைப் பார்த்துத்தான் நான் செய்தேன் என்று சொன்னால் மட்டும் புவாரேக்குக் கோபம் வரும். எனக்கு முன்பே தெரியும் என்பார்.

ஆயிரத்து இரண்டாம் இரவு என்பது என்ன?

1911 ஜூன் 24 அன்று தன் வீட்டுத் தோட்டத்தில் கொடுத்த விருந்து. ஆயிரத்தொரு இரவுகளுக்கு அடுத்த இரவு என்று பொருள். 300 விருந்தினர். எல்லோரும் பாரசீக வேஷத்தில் வர வேண்டும். சாதாரண உடையில் வந்தவர்களுக்கு அங்கேயே வேஷம் மாட்டிவிட்டார்கள். மறுத்தால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். புவாரே சுல்தானாக உட்கார்ந்திருந்தார். டெனீஸ் பொன் கூண்டுக்குள். கணவர் வந்து கூண்டைத் திறக்க, பறவை மாதிரி வெளியே வந்தார். அவர் போட்டிருந்தது தொளதொள கால்சட்டையும், விளிம்பில் வளையம் வைத்து விரிந்து நின்ற மேல்சட்டையும். விளக்குக்கு மாட்டும் கூடு மாதிரி இருக்கும்.

விருந்து முடிந்து போகும்போது கையில் கொடுத்தது ‘நுயி பெர்சான்’, அதாவது பாரசீக இரவு என்ற சென்ட். வியாபாரம் எங்கே தொடங்குகிறது, கேளிக்கை எங்கே முடிகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இன்றைக்கு இதை விளம்பர நிகழ்ச்சி என்பார்கள். 1911-ல் இதற்குப் பெயரே கிடையாது.

சரி, சென்ட் விஷயத்துக்கு வாருங்கள். உடை தைப்பவர் ஏன் வாசனை விற்கப் போனார்?

இதுதான் இந்தப் பக்கத்தின் முக்கியக் கேள்வி, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

அதுவரை சென்ட் என்பது தனித் தொழில். கெர்லான், ஊபிகான், கோத்தி என்று அதற்கென்றே வீடுகள். நீங்கள் ஒருவரிடம் கவுன் தைப்பீர்கள், இன்னொருவரிடம் வாசனை வாங்குவீர்கள். உடைக்கும் மணத்துக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை.

புவாரேக்கு அது குறையாகப் பட்டது. தன் கவுனைப் போட்ட பெண் என்ன மணக்கிறாள், எந்த நாற்காலியில் உட்காருகிறாள், சுவரில் என்ன காகிதம் ஒட்டியிருக்கிறது என்பதெல்லாம் தன் பொறுப்பு என்று நினைத்தார். 1911-ல் இரண்டு தொழில் தொடங்கினார். மூத்த மகள் பெயரில் ‘பர்ஃபாம் த ரோசீன்’, வாசனைக்கு. இரண்டாவது மகள் பெயரில் ‘மார்த்தீன்’, வீட்டு அலங்காரத்துக்கு. அட்டைப்பெட்டியும் உறையும் செய்யும் பட்டறைக்கு மகன் கோலானின் பெயர். சென்ட் திரவம் ரோசீனிடமிருந்து, புட்டியில் பூ வரைவது மார்த்தீன் பெண்கள், பெட்டி கோலானிடமிருந்து. பிள்ளைகளின் பெயரிலேயே ஒரு முழுத் தொழிற்சங்கிலி.

ரோசீனில் சென்ட் மட்டும் இல்லை. சோப்பு, முகப்பவுடர், மேக்கப் சாமான் எல்லாம் விற்றார்கள். விளம்பரத்துக்கு மணம் ஏற்றிய காகித விசிறிகளைக் கொடுத்தார்கள். வீசும்போதெல்லாம் வாசனை வரும்.

அவரே கையால் கலந்தாரா?

இல்லை. அவர் வேதியியல் படித்தவர் இல்லை. மோரிஸ் ஷால்லர், பிறகு ஆன்ரி அல்மெராஸ் ஆகியோர் கலந்தார்கள். என்ன மனநிலை வேண்டும், என்ன பெயர், என்ன புட்டி என்பது புவாரேயின் முடிவு. சினிமாவில் இயக்குநருக்கும் இசையமைப்பாளருக்கும் உள்ள உறவு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மெட்டு அவருடையது இல்லை, ஆனால் எந்தக் காட்சிக்கு மெட்டு என்று சொன்னவர் அவர்.

ரோசீனின் பெயர்பெற்ற சென்ட்கள் எவை?

‘ல மினாரே’, ‘நுயி த ஷீன்’, ‘அலாதீன்’, ‘போர்ஜியா’, ‘ஆர்லெக்கினாத்’, ‘ல ஃப்ருயி தெஃபாந்தி’. பெயர்களைப் படித்தாலே போதும், ஒவ்வொன்றும் ஒரு கதைத் தலைப்பு. அன்றைய சென்ட்களில் பாதிக்கு ரோஜா, வயலட் என்று பூவின் பெயர்தான் இருக்கும். இவர் ‘விலக்கப்பட்ட கனி’ என்று பெயர் வைத்தார். பெயருக்கு ஏற்றபடி பழ வாசனையை முன்னால் நிறுத்தினார்கள்.

புட்டிகளும் அப்படியே. ‘நுயி த ஷீன்’ என்றால் சீன இரவு. பழைய சீன மூக்குப்பொடிக் குப்பி மாதிரி தட்டையாக, இரு பக்கமும் நீல வளையத்தோடு இருக்கும். இன்று ஏலத்தில் காலிப் புட்டிக்கே போட்டி நடக்கிறது.

உள்ளே என்னதான் இருந்தது? பூவா, ரசாயனமா?

இரண்டும். 1880-களிலிருந்தே கூமரின் போன்ற செயற்கைப் பொருள்கள் பிரெஞ்சு சென்ட்டுக்குள் வந்துவிட்டன. கூடவே தென் பிரான்ஸின் கிராஸ் நகரத்துப் பூக்கள்.

மல்லிகையைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல ஆசை. அதை ரோஜா மாதிரி கொதிக்கவைத்து வடிக்க முடியாது, வெந்த வாடை வந்துவிடும். பறித்த பிறகும் மல்லிகை மணம் விட்டுக்கொண்டே இருக்கும், இராத்திரி தலையில் வைத்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அதனால் கண்ணாடிப் பலகையில் மணமில்லாத கொழுப்பைப் பூசி, அதன்மேல் பூக்களைக் கவிழ்த்து வைப்பார்கள். ஒரு நாள் கழித்துப் பழைய பூவை எடுத்துப் புதுப் பூ. கொழுப்பு மணத்தைக் குடித்துக் குடித்து நிறையும்வரை இப்படியே. பிறகு சாராயத்தால் அந்த மணத்தைப் பிரித்து எடுப்பார்கள். இவ்வளவு கைவேலை இருந்தால் விலை எப்படிக் குறையும்?

கிராஸ் மல்லிகை என்பது நம் குண்டுமல்லி இல்லை, பிச்சி, ஜாதிமல்லி என்கிறோமே அந்த இனம். கரைப்பான் போட்டுப் பிரிக்கும் முறை வந்தபின், இன்றைக்கு உலகச் சந்தைக்குப் போகிற மல்லிகைச் சாற்றில் பெரும்பங்கு எகிப்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும்தான் போகிறது.

ஷனெல் நம்பர் 5 தானே முதல் டிசைனர் சென்ட்?

இல்லை. ஷனெல் நம்பர் 5 வந்தது 1921-ல். ரோசீன் அதற்குப் பத்து வருஷம் மூத்தது.

அப்புறம் ஏன் எல்லோரும் ஷனெலைச் சொல்கிறார்கள்? பெயரால்தான். ஷனெல் தன் பெயரையே புட்டியில் ஒட்டினார். கவுன் வாங்க முடியாதவளும் சென்ட் வாங்கி ‘நானும் ஷனெல்’ என்று சொல்லிக்கொள்ளலாம். புவாரேயின் புட்டியில் ‘ரோசீன், பாரிஸ்’ என்று இருக்கும். ரோசீன் யார் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அது புவாரேயின் பொருள் என்று புரியும். உடையில் வந்த புகழ் புட்டிக்குப் போகவில்லை, புட்டியில் வந்த காசு உடையைக் காப்பாற்றவில்லை. 1924-ல் ஷனெல் தன் சென்ட்டுக்குத் தனிக் கம்பெனி தொடங்கி, வெர்தைமர் சகோதரர்களின் ஆலையோடு கைகோத்தார். லாபப் பங்கில் அவர் ஏமாந்தார் என்பது வேறு கதை, ஆனால் பெயர் நிலைத்தது.

மகள் பெயரை வைத்தது, அப்பாவாகப் புவாரே செய்த அழகான காரியம், வியாபாரியாகச் செய்தது பெரிய தப்பு. அந்தச் சின்ன ரோசீன் முதல் உலகப் போர்க் காலத்திலேயே இறந்துபோனாள். அதற்குப் பிறகும் பல வருஷம் அவள் பெயர் புட்டிகளில் வந்துகொண்டே இருந்தது.

மார்த்தீன் பள்ளி பற்றிச் சொல்லுங்கள்.

எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்த வேலை இது. மார்த்தீன் தொழிலுக்கு வரைந்தவர்கள் இந்தப் பள்ளியின் ஏழைத் தொழிலாளர் வீட்டுச் சிறுமிகள், பன்னிரண்டு வயது வாக்கில். பள்ளிப்படிப்பு முடிந்தவர்கள். அவர்களுக்கு ஓவியப் பாடம் கிடையாது, திருத்தம் கிடையாது. மிருகக்காட்சிசாலைக்கும் தோட்டத்துக்கும் கூட்டிப்போய்ப் பார்த்ததை வரையச் சொல்வார்கள். முதலில் ஆசிரியை ஒருவரை வைத்தார். அவர் பிள்ளைகளின் கையைத் திருத்தப் பார்க்க, பாடமே வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். நல்ல படத்துக்குப் பரிசு. பெரிய பெரிய பாப்பிப் பூ, டெய்சிப் பூ, கண்ணைப் பறிக்கும் நிறம். அவை கம்பளமாகவும் திரைச்சீலையாகவும் சுவர்க்காகிதமாகவும் ஆகி, 1912-ல் திறந்த கடையில் விற்றன. பிள்ளைகள் வரைந்ததை வைத்துக் காசு பார்த்தாரே என்று கேட்டால், பார்த்தார்தான். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஓவியர்களோடு அவருக்கு இருந்த தொடர்பு?

அந்த விஷயத்தில் அவர் கண் தப்பாது. 1908-ல் பால் இரிப் என்ற இளைஞரிடம் தன் உடைகளை வரையச் சொல்லி, அச்சில் கையால் வண்ணம் தீட்டி, 250 பிரதி ஆல்பம் போட்டார். 1911-ல் ஜார்ஜ் லெபாப்பிடம் இன்னொன்று. இரிப் வரைந்த ரோஜா அவர் கடையின் துணி லேபிளில் ஏறியது. ரவுல் துஃபியை அழைத்து ஒரு சின்னப் பட்டறை வைத்துக் கொடுத்தார், மர அச்சில் துணிக்கு வண்ணம் போட. கொஞ்ச நாளில் லியோன் நகரத்துப் பெரிய பட்டு நிறுவனம் துஃபியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. 1911 ஏப்ரலில் எட்வர்ட் ஸ்டைகென் புவாரே உடைகளை எடுத்த 13 புகைப்படங்களைத்தான் நவீன ஃபேஷன் புகைப்படத்தின் தொடக்கம் என்று பலர் சொல்கிறார்கள். பின்னாளில் பெயர்பெற்ற ஓவியர் எர்தேயும் புவாரேயிடம் வேலை பார்த்தவர்.

அவர் டிசைனைத் திருடினார்களா?

தாராளமாக. 1913-ல் அமெரிக்கா போனபோது கடைகளில் தன் பெயர் லேபிளோடு தொங்கிய உடைகளையும் தொப்பிகளையும் பார்த்தார். ஒன்றுகூட அவர் செய்ததில்லை! ஊர் திரும்பியதும் மற்ற வடிவமைப்பாளர்களைச் சேர்த்து 1914-ல் போலிகளை எதிர்க்க ஒரு சங்கம் தொடங்கி, அதற்குத் தலைவர் ஆனார். சங்கம் வந்த சில நாளில் போரும் வந்தது.

பிறகு ஏன் விழுந்தார்?

1914-ல் பட்டாளத்துக்குப் போனார். அங்கேயும் தையல்தான், சிப்பாய்களின் மேலங்கி. திரும்பி வந்தபோது பாரிஸ் வேறாக இருந்தது. போரில் வேலைக்குப் போய்ப் பழகிய பெண்களுக்குச் சின்னப் பாவாடை, பின்னல் சட்டை, ஏறி இறங்க வசதியான உடை வேண்டியிருந்தது. இவர் இன்னும் ஜரிகையும் இறகும் வைத்துச் சுல்தான் கனவில் இருந்தார். ஷனெலின் உடைகளை ‘ஆடம்பர வறுமை’ என்று கேலி செய்தார். கருப்பு உடையில் வந்த ஷனெலிடம் யாருக்காகத் துக்கம் என்று கேட்டாராம். உங்களுக்காகத்தான் என்றாராம் அவர். ஃபேஷன் உலகம் அலுக்காமல் சொல்லும் கதை இது.

செலவு செய்யும் கை மட்டும் சுருங்கவில்லை. 1925-ல் பாரிஸ் அலங்காரக் கலைக் கண்காட்சிக்காக சேன் நதியில் மூன்று படகுகளை நிறுத்தினார். பெயர்கள்: அமூர், தெலீஸ், ஓர்க். காதல், இன்பம், ஆர்கன் வாத்தியம். இதில் ஓர் இலக்கண விளையாட்டு இருக்கிறது. பிரெஞ்சில் இந்த மூன்று சொற்களும் ஒருமையில் ஆண்பால், பன்மையில் பெண்பால்! ஒன்றில் உணவகம், இன்னொன்றில் துஃபி செய்த 14 தொங்குதிரைகள். அழகுக்குக் குறைவில்லை, கூட்டம்தான் வரவில்லை. அதற்குள் அவருடைய நிறுவனமே பணம் போட்டவர்கள் கைக்குப் போயிருந்தது. அதனால் படகுகளின் நஷ்டம் அவர் தலையில் விழுந்தது.

1929-ல் கடை மூடப்பட்டது. மிஞ்சிய உடைகளைக் கந்தல் துணியாகக் கிலோ கணக்கில் விற்றார்கள். ரோசீனும் அதை ஒட்டியே முடிந்தது.

கடைசிக் காலத்தில் என்ன செய்தார்?

1930-ல் சுயசரிதை எழுதினார். படம் வரைந்தார். சமைப்பதில் பிரியம் உள்ளவர், 1928-லேயே 107 சமையல் குறிப்புகள் கொண்ட ஒரு புத்தகம் போட்டிருந்தார். வேறு கடைகளுக்குச் சில காலம் உடை வரைந்து கொடுத்தார். நிலைக்கவில்லை.

அவருக்குப் பிறகு அந்த வழியில் யார்?

சென்ட்டில் எல்லோருமே. லான்வன், வொர்த், பட்டூ என்று 1920-களில் வரிசையாக வந்தார்கள். தியோர் 1947-ல் முதல் உடைத் தொகுப்போடு சேர்த்தே சென்ட்டையும் இறக்கினார். இன்று பெரிய ஃபேஷன் நிறுவனம் என்றால் உள்ளே வரும் காசில் முக்கியப் பங்கு புட்டியில்தான் வருகிறது. ரோசீனில் வேலை பார்த்த அதே ஆன்ரி அல்மெராஸ்தான் 1930-ல் ழான் பட்டூவுக்கு ‘ஜாய்’ கலந்தார். உலகின் மிக விலையுயர்ந்த சென்ட் என்று விளம்பரம் செய்தார்கள். 30 மில்லிக்கு 10,600 மல்லிகைப் பூவும் 28 டஜன் ரோஜாவும் என்று அந்த நிறுவனம் கணக்குச் சொல்லும்.

உடையில் எல்சா ஸ்கியாபரெல்லி. பணக்காரத் தோழியோடு புவாரே கடைக்குப் போய், வாங்க வசதியில்லாமல் ஒரு மேலங்கியை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம், எடுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் எதையும் எங்கேயும் போடலாம் என்று புவாரே சும்மாவே கொடுத்துவிட்டார். பின்னாளில் அந்தப் பெண் பாரிஸையே அசத்தினார்.

புவாரே, ரோசீன் பெயர்களில் இப்போதும் ஏதாவது விற்கிறதா?

1991-ல் ரோசீன் பெயரில் ரோஜா சென்ட்களுக்கென்று ஒரு புதிய வீடு பாரிஸில் தொடங்கியது. பெயர் பழையது, கலவைகள் புதியவை. புவாரே பெயரில் ஒரு கொரிய நிறுவனம் 2018-ல் உடைகளை மறுபடி இறக்கியது. வேகமெடுக்கவில்லை.

பழைய ரோசீன் மணத்தை இன்று முகர்ந்து பார்க்க முடியுமா?

ஏலத்தில் கிடைக்கும் புட்டியில் மிச்சம் இருக்கும் திரவத்தை நம்ப வேண்டாம். நூறு வருஷத்தில் மேல்மணம் பறந்துபோய், வினிகர் வாடைதான் மிஞ்சும். வெர்சாய் நகரத்தில் ‘ஓஸ்மோதெக்’ என்ற வாசனைக் காப்பகம் 1990-லிருந்து இருக்கிறது. பழைய சூத்திரங்களைப் பார்த்து அப்படியே திரும்பக் கலந்து, வெளிச்சம் படாமல், 12 டிகிரி குளிரில், புட்டிக்குள் காற்றுக்குப் பதில் ஆர்கன் வாயு நிரப்பி வைக்கிறார்கள். ‘ல ஃப்ருயி தெஃபாந்தி’ அங்கே இருக்கிறது. முன்பதிவு செய்து போனால், மெல்லிய காகிதக் கீற்றில் நனைத்துக் கையில் தருவார்கள். உடனே மூக்குக்குக் கொண்டுபோகாமல், சாராயம் ஆறும்வரை கொஞ்சம் வீசிவிட்டு முகர வேண்டும்.